இரும்புப் பல் நத்தை

கடலோரப் பாறைகளில், அலை மோதிவிட்டுப் பின்வாங்கும் உயரத்தில், சாம்பலும் பழுப்புமாகச் சிறு கூம்புகள் ஒட்டிக் கிடக்கும். பாறையின் புடைப்பு என்றோ செத்துப்போன சிப்பியின் ஓடு என்றோ நினைத்துக்கொண்டு பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுவார்கள். உண்மையில் அவை உயிருள்ள நத்தைகள். உயிரியலில் இவற்றை லிம்பெட் என்கிறார்கள். தென்னிந்தியக் கரைகளில் பரவலாக இருப்பது செல்லானா ரேடியாட்டா என்ற இனம். வளர்ந்த நத்தையின் ஓடு 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உச்சியிலிருந்து விளிம்பு வரை கதிர்கதிராக வரிகள் இறங்கும். அலை ஒதுக்கிய வெற்று ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வெள்ளிப் பளபளப்பும், நடுவில் ஒரு திட்டும், அதைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் தசையின் தழும்பும் தெரியும்.

நத்தை என்றதும் சுருண்ட ஓடுதான் நினைவுக்கு வரும். லிம்பெட்டின் ஓட்டில் சுருளும் இல்லை, வாயை அடைக்க மூடியும் இல்லை. ஆபத்து வந்தால் உள்ளே சுருங்கி வாசலைச் சாத்திக்கொள்ளும் வசதி அதற்குக் கிடையாது. பாறைதான் அதன் மூடி. ஓட்டை அழுத்தி இறக்கிப் பாறையோடு பொருத்திக்கொண்டால் வீடு பூட்டியாயிற்று. உடலின் அடிப்பகுதி முழுவதும் வட்டமான தசைப் பாதம். லாட வடிவத் தசை அந்தப் பாதத்தை ஓட்டோடு பிணைக்கிறது. லாடத்தின் திறந்த பக்கத்தில் இரண்டு உணர்கொம்புகளோடு தலை இருக்கிறது. செல்லானாவின் செவுள் ஓரிடத்தில் குவிந்திருக்காமல், பாதத்தைச் சுற்றி ஓட்டின் விளிம்போரமாக ஓடுகிறது.

இந்த இனத்துக்கு 1778ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் சூட்டியவர் இக்னாஸ் வான் போர்ன். வியன்னாவின் அரச அருங்காட்சியகச் சேகரிப்பைப் பட்டியலிடும்போது அவர் இதைப் பதிவு செய்தார். போர்ன் அடிப்படையில் கனிமவியலாளர். சுரங்கமும் உலோகமும்தான் அவருடைய துறை. போர்னைட் என்ற செப்புத் தாது அவர் பெயரால் வழங்குகிறது. தான் பெயரிட்ட நத்தையின் கூட்டத்தார் வாய்க்குள் இரும்புத் தாதைச் சுமக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அது வெளிப்பட மேலும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின.

கூம்பு ஓடு போட்டதெல்லாம் ஒரே குடும்பம் அல்ல. செல்லானாவும் ஐரோப்பியக் கரைகளின் பட்டெல்லாவும் உண்மை லிம்பெட்டுகள் என்ற தொன்மையான கிளையைச் சேர்ந்தவை. அதே பாறையில் பக்கத்திலேயே இருக்கும் சைஃபனேரியா காற்றைச் சுவாசிக்கும் நத்தைகளுக்கு உறவு. அதன் ஓடு வலப்பக்கம் சற்றுப் புடைத்திருக்கும். பழகிய கண் அதை வைத்தே பிரித்துவிடும். உச்சியில் துளை உள்ள லிம்பெட்டுகள் வேறொரு வழியில் வந்தவை. கடலே இல்லாத உள்நாட்டிலும் நன்னீர் லிம்பெட்டுகள் உண்டு. குளத்துத் தாமரைத் தண்டிலும் ஓடைக் கல்லிலும் ஒட்டியிருக்கும் இவை சில மில்லிமீட்டர் அளவே என்பதால் தேடுகிறவர் கண்ணுக்குத்தான் படும். இழுக்கும் நீரில் ஒரே பரப்பைப் பற்றி வாழ வேண்டிய நத்தைகள் தனித்தனியாகப் பலமுறை இந்தக் கூம்பு வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கீழே வருவது உண்மை லிம்பெட்டுகளைப் பற்றி மட்டும்.

தமிழகக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. ஆனால் அதில் பெரும்பகுதி மணல். மணலில் லிம்பெட் வாழாது. மாமல்லபுரம், முட்டம், கன்னியாகுமரி போன்று பாறை கடலுக்குள் இறங்கும் சில இடங்களும், அலைதடுப்புக்காகக் கொட்டிய கருங்கற்களும்தான் அதற்கு நிலம். மாமல்லபுரத்துப் பாறையைப் பொதுவாகக் கிரானைட் என்பார்கள். புவியியலாளர்கள் அதைச் சார்னோகைட் என்பார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. கோவைக்கு வடமேற்கே நிற்கும் நீலகிரியும், சேலத்துச் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இதே சார்னோகைட்டால் ஆனவைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகிறவர் சாலையோரம் பார்க்கும் கல்லும், கடலோரத்தில் லிம்பெட் சுரண்டும் கல்லும் ஒரே வகை என்றால் பொருந்தும்.

பாறை இருந்தால் மட்டும் போதாது, ஓதமும் வேண்டும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு மாறும். தமிழகத்தில் அது ஒரு மீட்டரைச் சுற்றியே நிற்கிறது. அதனால் இங்கே லிம்பெட்டுக்குக் கிடைக்கும் பட்டை குறுகலானது. அந்தப் பட்டையின் மேல் எல்லையை ஓதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அலைத் தெறிப்புக்கும் அதில் பங்கு உண்டு. அலை ஓங்கி அடிக்கும் முகத்தில் லிம்பெட்டுகள் உயரத்தில் இருக்கும். மறைவான பக்கத்தில் அவை கீழே இறங்கிவிடும்.

அலையடிக்கும் பாறையில் பிடித்து நிற்பதே முதல் சிக்கல். உயிருள்ள லிம்பெட்டைக் கையால் பிடுங்க முயல்கிறவர் உடனே ஒன்றைக் கவனிப்பார். அது அசையாமல் இருக்கும்போது சட்டென்று பக்கவாட்டில் தள்ளினால் சில சமயம் பெயர்ந்துவிடும். லேசாகத் தொட்டு எச்சரித்துவிட்டால் அப்புறம் கத்தி வைத்து நெம்பினாலும் எளிதில் வராது; ஓடு உடையும், பிடி தளராது. இந்தப் பிடி உறிஞ்சலா பசையா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ ஸ்மித் செய்த ஆய்வுகள் இரண்டும் உண்டு என்று காட்டின. நீர் மூடியிருந்து நத்தை நடமாடும் வேளையில் உறிஞ்சல் பெரிதும் வேலை செய்கிறது. நீர் வடிந்து அது ஓரிடத்தில் அமர்ந்த பிறகு, பாதம் சுரக்கும் கோழை பசையாகிக் கெட்டிப்படுகிறது. பசையால் ஒட்டிக்கொண்டு நடக்க முடியாது. உறிஞ்சலை மட்டும் நம்பினால் மணிக்கணக்கில் தசையை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று என்று லிம்பெட் பிரித்து வைத்திருக்கிறது.

இரண்டாவது சிக்கல் வெயில். வெப்பமண்டலத்தில் அலையைவிட இதுவே பெரிய எதிரி. நீர் வடிந்த கரும்பாறை சித்திரை வெயிலில் காற்றைவிட மிகக் கூடுதலாகச் சுடும். அதன்மேல் உடம்பின் அடிப்பகுதி முழுவதையும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் உயிர் சூட்டிலிருந்து விலகி ஓட முடியாது. கூம்பு வடிவம் இங்கே இன்னொரு விதத்தில் உதவுகிறது. ஓடு உயரமாக இருந்தால், பாறையைத் தொடும் பரப்பு குறைந்து, காற்றில் வெப்பத்தை விடும் பரப்பு கூடுகிறது. ஓட்டுக்குள் தேக்கிக்கொள்ளக் கிடைக்கும் நீரும் அதிகம்.

விசாகப்பட்டினக் கடற்கரையில் செல்லானா ரேடியாட்டாவை ஆராய்ந்த பாலபரமேஸ்வர ராவும் கணபதியும் 1971இல் வெளியிட்ட கட்டுரை இந்த ஓட்டு வடிவத்தைப் பற்றியதுதான். ஒரே இனம், ஒரே பாறை. ஆனால் மேல்மட்டத்தில் வாழ்பவையும் கீழ்மட்டத்தில் வாழ்பவையும் ஓட்டின் வடிவில் வேறுபடுகின்றன. லிம்பெட்டுகளில் பொதுவாக மேலே இருப்பவற்றின் ஓடு உயர்ந்தும் கீழே இருப்பவற்றின் ஓடு தட்டையாகவும் இருக்கும். இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது. வெளியே காய்ந்து கிடக்கும் நேரம் கூடக்கூட, நத்தை ஓட்டை இறுக்கி இழுத்தபடியே இருக்கிறது. அப்போது ஓட்டைச் சுரக்கும் மேலுறைத் திசு உள்நோக்கி ஒடுங்குவதால் புதிதாகப் படியும் விளிம்பு அகலாமல் கீழ்நோக்கி வளர்கிறது, ஓடு உயர்கிறது. வாழும் இடம் கொடுத்த நெருக்கடி, அந்த இடத்துக்கு ஏற்ற வடிவத்தையும் கொடுத்துவிடுகிறது. உயிரியலில் இவ்வளவு நேர்த்தியான விளக்கங்களைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது நல்லது. பரம்பரைக்கும் சூழலுக்கும் இதில் உள்ள பங்கு எல்லா இனங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சூடு எல்லை மீறும்போது சில லிம்பெட்டுகள் துணிந்து ஒரு காரியம் செய்யும். பாறையோடு இறுக்கியிருந்த ஓட்டைத் தூக்கி, அடியில் காற்றுப் புக விட்டு, ஈரம் ஆவியாவதால் உடலைக் குளிர்விக்கும். குளிர்ச்சியின் விலை நீர் இழப்பு. ஹாங்காங்கில் செல்லானா கிராட்டா என்ற உறவினத்தில் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். அங்கே கோடையில் கடல் அமைதியாக இருந்து, தாழ் ஓதம் நண்பகலை ஒட்டி வந்தால், ஏராளமான நத்தைகள் மடிகின்றன. தெறித்து நனைக்க அலை இல்லை என்பதே காரணம். அலை ஓய்ந்த நாள்தான் இந்த நத்தைக்குக் கெட்ட நாள்.

உணவு பாறையிலேயே இருக்கிறது. நுண்பாசிகள், பாக்டீரியாக்கள், முளைவிடும் கடற்பாசிகள் எல்லாம் சேர்ந்து பாறைமேல் ஒரு மெல்லிய வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. பாறையில் கால் வழுக்கக் காரணமும் அதுதான். லிம்பெட் அதைச் சுரண்டித் தின்றபடி மெல்ல நகர்கிறது. எப்போது கிளம்பும் என்பது இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறும். பாறை காய்ந்து வெயில் அடிக்கும் வேளையில் மட்டும் பொதுவாக எதுவும் வெளியே கிளம்புவதில்லை. மேய்ச்சலுக்காக லிம்பெட் தன் இடத்தைவிட்டுப் பெயர்கிறது என்பதை அரிஸ்டாட்டில் கூட எழுதியிருக்கிறார். பல இனங்கள் மேய்ந்து முடித்ததும் புறப்பட்ட அதே புள்ளிக்குத் திரும்புகின்றன. போன வழியில் தான் விட்ட கோழைத் தடத்தை உணர்ந்து திரும்புவது அதில் முக்கியமான வழி. அந்தப் புள்ளியில் ஓட்டின் விளிம்பும் பாறையும் மேடுபள்ளம் பிசகாமல் பொருந்தியிருக்கும். பாறை மென்மையானதாக இருந்தால் அது தேய்ந்து ஓட்டுக்கு இடம் கொடுக்கும். சார்னோகைட் போன்ற கடினப் பாறையாக இருந்தால் ஓடுதான் அதற்கேற்ப வளர்ந்து வளைந்துகொடுக்க வேண்டும். செல்லானா பேரினத்தில் வீடு திரும்புபவையும் உண்டு, போன இடத்திலேயே தங்கிவிடுபவையும் உண்டு.

சுரண்டும் கருவி அதன் நாக்கு. நத்தைகளுக்கெல்லாம் உள்ள இந்த உறுப்புக்கு ராடுலா என்று பெயர். நாடா போன்ற சவ்வின்மேல் வரிசை வரிசையாகப் பற்கள் பதிந்திருக்கும். பட்டறையில் அரம் பிடித்தவருக்கு இதன் வேலை உடனே விளங்கும். ஒரே வேறுபாடு, இந்த அரம் தேயத்தேயப் பின்னாலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். முன்வரிசைப் பற்கள் பாறையில் தேய்ந்து உதிர்கின்றன. தொண்டைக்குப் பின்னே உள்ள பையில் புதிய வரிசைகள் உருவாகி முன்னே நகர்கின்றன. பட்டெல்லாவில் இந்த நாடா ஓட்டின் நீளத்தையும் மிஞ்சும். நூற்றுக்கும் மேற்பட்ட வரிசைகள் அதில் சுருண்டு கிடக்கும். நாடாவின் பின்முனையில் பற்கள் கைட்டின் என்ற நிறமற்ற வெறும் இழைப்பொருள். முன்னே வரவர அவற்றில் இரும்பு ஏறி, செம்பழுப்பாகிக் கருக்கின்றன. ஒரே நாடாவை விரித்து வைத்தால் ஒரு பல் செய்யப்படும் எல்லாக் கட்டங்களையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். ஆய்வாளர்களுக்கு இதைவிட வசதியான பொருள் கிடைப்பது அரிது.

1962இல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் லிம்பெட்டின் பல்லில் உள்ள கனிமம் கோதைட் என்று கண்டறிந்தார். இரும்பும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தாது அது. துருவில் இருக்கும் சேர்மங்களில் ஒன்று. அதே ஆண்டு அவர் கைட்டன் என்ற மற்றொரு பாறைவாழ் உயிரின் பல்லில் மேக்னடைட் இருப்பதையும் காட்டினார். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையின் தாது இதே மேக்னடைட்தான். காந்தம் வைத்தால் கைட்டனின் பற்கள் ஈர்க்கப்படும். லிம்பெட்டின் பற்கள் அப்படி ஈர்க்கப்படுவதில்லை.

கஞ்சமலை இருக்கும் கொங்கு நாட்டுக்கு இரும்பு புதிதல்ல. நொய்யல் கரையில் சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. கடலிலிருந்து வந்த சங்கை அறுத்து வளையல் செய்த தடயங்களும் அங்கேயே கிடைத்தன. அந்த உலையில் நடந்ததையும் லிம்பெட்டின் வாய்க்குள் நடப்பதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். உலையில் கரியை எரித்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றித் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து உலோகம் எடுத்தார்கள். லிம்பெட் எதிர்த்திசையில் போகிறது. அதற்கு உலோகம் தேவையில்லை, தாதுதான் தேவை. கடல்நீரில் இரும்பு மிகமிகச் சொற்பம். உணவு வழியாகச் சேரும் இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதத்தில் கட்டிப் பல் உருவாகும் பையருகே கொண்டுவந்து, கைட்டின் இழைகளின் இடைவெளியில் கோதைட் படிகங்களாகப் படிய வைக்கிறது. பல்லின் அடிப்பகுதியில் சிலிக்காவும் சேர்கிறது. இத்தனையும் கடல்நீரின் வெப்பநிலையிலேயே முடிந்துவிடுகிறது.

இப்படி உருவாகும் பொருள் எவ்வளவு வலுவானது என்பது 2015இல்தான் அளக்கப்பட்டது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் ஏசா பார்பரும் உடன் ஆய்வாளர்களும், ஒரு மில்லிமீட்டரும் நீளமில்லாத பட்டெல்லா பல்லிலிருந்து தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய துண்டுகளைச் செதுக்கி எடுத்து, இரு முனையிலும் பிடித்து அறும்வரை இழுத்தார்கள். அறுவதற்குத் தேவைப்பட்ட இழுவிசை 3 முதல் 6.5 கிகாபாஸ்கல் வரை, சராசரி 4.9. அதுவரை இயற்கைப் பொருள்களில் முதலிடத்தில் இருந்தது சிலந்தி நூல். லிம்பெட் பல் அதை முந்தியது. கட்டடக் கம்பியில் பொறித்திருக்கும் 500 என்ற எண் 500 மெகாபாஸ்கலைக் குறிக்கிறது. அந்த அளவுக்குமேல் இழுத்தால் கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும். லிம்பெட் பல்லின் சராசரி அதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு.

இந்த ஒப்பீட்டை அளவுக்குமீறி இழுக்கக் கூடாது. கம்பி கட்டைவிரல் பருமன். சோதித்த பல் துண்டு கண்ணுக்கே தெரியாது. எந்தப் பொருளும் மெல்லியதாக ஆகஆக அதில் குறைகள் இருக்க வாய்ப்புக் குறைவதால் வலு கூடித் தெரியும். ஆனால் பார்பர் குழுவின் முடிவில் அக்கறைக்குரியது எண்ணைவிட அதன் காரணம். கோதைட் இழைகள் அத்தனை மெல்லியவையாக இருப்பதால், உள்ளே சிறு குறை இருந்தாலும் அது விரிசலாகப் பரவி இழையை அறுத்துவிடுவதில்லை. அதனால் பெரிய துண்டும் சிறிய துண்டும் ஏறத்தாழ ஒரே வலுவைக் காட்டின. இந்தப் பாடத்தைப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டு இழைக்கலவைப் பொருள்களை வடிவமைக்க முயல்கிறார்கள். வார்ப்புக்கும் பம்புக்கும் பெயர்போன கோவையில் தேய்மானம் என்பது அன்றாடச் செலவு. தேயும் முனையை வலுப்படுத்துவதோடு நில்லாமல் புதிய முனையையும் தொடர்ந்து கொண்டுவரும் ஏற்பாடு அங்கே எவருக்கும் ஆர்வமூட்டும்.

கடினம் வேறு, வலு வேறு. கோதைட்டின் கடினம் மோஸ் அளவில் 5 முதல் 5.5 வரை. சார்னோகைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. ஆகவே கன்னியாகுமரிப் பாறையை லிம்பெட் குடைந்துவிடாது. மேல்படலம் மட்டுமே அதன் பங்கு. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் உள்ளது போன்ற மென்மையான சுண்ணப் பாறைகளில் கதை வேறு. அங்கே படலத்தோடு பாறையும் சேர்ந்து போகிறது. நத்தையின் எச்சத்தில் சுண்ணம் வெளிவருகிறது.

இவ்வளவு சிறிய உயிர் ஒரு கரையின் தோற்றத்தையே மாற்ற வல்லது என்று நிரூபித்தவர் நார்மன் ஜோன்ஸ். 1946இல் மேன் தீவின் கரையில் 10 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையிலிருந்து லிம்பெட்டுகளை முழுவதும் அகற்றினார். வெறும் பாறையாக இருந்த இடத்தில் முதலில் பச்சைப் பாசியும் பிறகு பெரிய பழுப்புக் கடற்பாசிகளும் மண்டின. பக்கத்தில் லிம்பெட் இருந்த பாறை பழையபடியே வெறுமையாகக் கிடந்தது. 1967இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே உடைந்து கச்சா எண்ணெய் கொட்டியபோது இதே சோதனை வேண்டாத அளவில் திரும்ப நடந்தது. எண்ணெயைக் கரைக்கத் தெளித்த வேதிப்பொருள்கள் எண்ணெயைவிட நத்தைகளுக்குக் கொடியவையாக இருந்தன. லிம்பெட்டுகள் கூட்டமாகச் செத்தன. பாறைகள் பச்சையாகிப் பிறகு பழுப்பாயின. பழைய சமநிலை திரும்பச் சில இடங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, கரையோரக் கருங்கற்களில் படிந்ததை வாளியும் கையுமாக அள்ளியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். பாறைக் கரையில் எண்ணெய் அகற்றும் முறையைத் தேர்வு செய்கிறவர்கள் கார்ன்வால் அனுபவத்தை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இனப்பெருக்கத்தில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் தம் இடத்திலிருந்தபடியே விந்தையும் முட்டையையும் கடலில் விடுகின்றன. கருவுறுதல் நீரில் நடக்கிறது. நீந்தும் லார்வா சில நாள்கள் கடலில் அலைந்துவிட்டுத் தகுந்த பாறையில் இறங்கி உருமாறுகிறது. மணல் கரைகள் இடையிட்ட தமிழகக் கடற்கரையில் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குப் பரவ இந்தச் சில நாள்கள்தான் வாய்ப்பு. துறைமுகச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் நடுவில் புதிய தங்குமிடங்களாகிவிட்டதால், முன்பு மணல் மட்டுமே இருந்த கரைகளிலும் இன்று பாறைவாழ் உயிர்கள் குடியேற இடம் உண்டு.

நண்டுகளும், ஓட்டைத் துளைக்கும் வேறு நத்தைகளும், கரைப் பறவைகளும் லிம்பெட்டைத் தின்கின்றன. மனிதரும் விட்டுவைப்பதில்லை. ஹவாயில் செல்லானாவின் மூன்று இனங்களை ஓப்பிஹி என்ற பெயரில் விரும்பி உண்கிறார்கள். அலையடிக்கும் பாறையில் அவற்றைப் பெயர்க்கப் போய் உயிரிழந்தவர்கள் உண்டு. அளவு குறைந்தவற்றை எடுக்க அங்கே சட்டப்படி தடை இருக்கிறது. குமரி மாவட்டத்தில் பாறையிலிருந்து எடுத்து விற்கும் சிப்பி லிம்பெட் அல்ல. அது இரட்டை ஓடு கொண்ட பழுப்பு மட்டி வகை. குளச்சல், முட்டம் பகுதிகளில் அதற்கென மூழ்குபவர்கள் இருக்கிறார்கள். மட்டி அடர்ந்த பாறையில் லிம்பெட்டுக்கு மேயப் பரப்பு குறைவு. ஆகவே அதைத் தேடுகிறவர் மட்டிப் படுகைக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும்.

உயிருள்ள லிம்பெட்டைப் பார்க்கத் தாழ் ஓத வேளையே ஏற்றது. தேதிவாரியான ஓத அட்டவணைகள் கிடைக்கின்றன. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீர் கூடுதலாக இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரிக் கரையின் பாறைகளில் இறங்குவது ஆபத்து. நத்தையைப் பெயர்த்தெடுக்கத் தேவையில்லை. நெம்பும்போது பாதம் கிழிந்துவிட்டால் அதனால் மறுபடி இறுகப் பற்ற முடியாது. கவிழ்த்துவிட்டுப் போனால் நண்டுக்குத்தான் இரையாகும். ஓட்டின் விளிம்பில் கொஞ்சம் கடல்நீரை ஊற்றிவிட்டு அசையாமல் காத்திருந்தால், சில சமயம் ஓடு நூலளவு உயர்வதையும் உணர்கொம்புகள் வெளியே நீள்வதையும் பார்க்கலாம்.